ப்ளாஸ்டிக் மேல் எலும்பு ஒட்டுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கொத்தனார் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 22 வயது. பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பும்போது முட்டியில் டப்பென்று சத்தம் கேட்டு விழுந்தான். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது என்று வந்தது. பார்த்த டாக்டர், அவன் தொடையிலிருந்தே நரம்பு எடுத்து வைத்துச் சரிசெய்யலாம், மறுபடி விளையாட 9 மாதம் ஆகும் என்கிறார். போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தவன், ஒடிந்து போயிருக்கிறான். வேறொரு இடத்தில், செயற்கை ஜவ்வு வைத்தால் 3 மாதத்தில் ஓடலாம், இப்போது அதன்மேல் ஒரு பூச்சு போட்டு வருகிறது, எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னார்களாம். வழவழப்பான எதன்மேலும் பூச்சு நிற்காது என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். ப்ளாஸ்டிக் மேல் எலும்பு எப்படி ஒட்டும்? அந்தப் பூச்சு உரிந்து வராதா? நாங்கள் எதைச் செய்வது?"

ஐயா, வணக்கம்.

செயற்கை ஜவ்வைப் பற்றி 50 ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியின் நடுவில் இருக்கும் கேள்வியை நீங்கள் சாந்துக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டீர்கள். அதனால் உங்கள் தொழிலின் வார்த்தைகளிலேயே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் தம்பி காத்திருப்பான். 22 வயதில், முதல் தடவை கிழிந்த ஏ.சி.எல்லுக்கு, அவனுடைய சொந்தத் தசைநாணை எடுத்து வைப்பதுதான் சரி. உங்கள் டாக்டர் சொன்னது நல்ல யோசனை. அந்த 9 மாதமும் நியாயமான கணக்குதான். பூச்சு போட்ட செயற்கை ஜவ்வு என்பது பொய்யில்லை, உண்மையான, அழகான அறிவியல். ஆனால் உங்கள் மகன் முட்டிக்குள் போகும் அளவுக்கு அது இன்னும் விளைந்து வரவில்லை. ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். தொடையிலிருந்து 'நரம்பு' எடுப்பார்கள் என்றதும் வீட்டில் பெண்கள் பயந்திருப்பார்கள். அது உணர்ச்சி கடத்தும் நரம்பு கிடையாது. தொடையின் பின்பக்கத் தசைகள் எலும்பில் போய் முடியும் கயிறு போன்ற பகுதி, அதைத் தசைநாண் என்போம். அங்கே இருக்கும் பல கயிறுகளில் ஒன்றையோ இரண்டையோ எடுக்கிறோம். காலை மடக்கும் பலம் கொஞ்சம் குறையும், பயிற்சியில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அப்புறம், நம் ஊரில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று சொன்னால் அது ஏ.சி.எல்லாகவும் இருக்கலாம், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மெனிஸ்கஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதிலும் கிழிசல் இருந்தால் ஆபரேஷனைத் திட்டமிடுவது மாறும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் ஒரு நார். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், தடிமன் சுண்டுவிரல் அளவு. ஆனால் வாலிபத்தில் அதன் பலம் ஏறக்குறைய 2,160 நியூட்டன். அதாவது நாலு மூட்டை சிமென்ட்டை ஒன்றாகத் தொங்கவிட்டாலும் அறாது. கபடியில் ஓடிப்போய், பாதத்தை மண்ணில் ஊன்றி, உடம்பை மட்டும் சட்டென்று திருப்பும்போது அதையும் மீறிய இழுவை வருகிறது. எதிராளி தொடாமலே கிழிந்துவிடுவதும் உண்டு.

கிழிந்த நார் தானாக ஒட்டி பழைய பலத்துக்கு வருவது அரிது. அதனால் இரண்டு எலும்பிலும் பென்சிலைவிடக் கொஞ்சம் பெரிய துளை போட்டு, புதிய நாரை அதற்குள் கோத்து, இரண்டு முனையிலும் ஸ்க்ரூவோ சின்ன உலோகப் பொத்தானோ வைத்து இறுக்குகிறோம். தொடைத் தசைநாணை நாலாக மடித்தால் அதன் பலம், எடுத்த அன்றைக்கு, அசல் ஏ.சி.எல்லைவிடக் கூடுதலாகவே இருக்கும். செயற்கை இழையும் மேசைமேல் வைத்து இழுத்துப் பார்த்தால் பலமாகத்தான் இருக்கும். ஆகவே கயிற்றின் பலத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை துளைக்குள்ளே இருக்கிறது. அந்தக் கயிற்றை எலும்பு பிடிக்குமா, எப்போது பிடிக்கும்?

ஸ்க்ரூ என்பது உங்கள் சென்ட்ரிங் மாதிரி. கான்கிரீட் இறுகும் வரைக்கும் முட்டுக் கொடுக்கும். ஆயுசுக்கும் சென்ட்ரிங் தாங்கும் என்று நம்பி யாரும் மாடி கட்டுவதில்லை.

சொந்தத் தசைநாணை வைத்தால் துளையின் சுவரிலிருந்து எலும்பு மெல்ல உள்ளே வளர்ந்து, நுண்ணிய நார்களை விட்டு, வேர் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொள்கிறது. 1993இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில் நாய்களில் இதை வாரக் கணக்கில் பார்த்தார்கள். முதல் வாரங்களில் இழுத்தபோது தசைநாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12 வாரம் ஆனபோது துளையிலிருந்து வரவில்லை, வேறு இடத்தில்தான் அறுந்தது. மனிதர்களுக்கும் துளைக்குள் பிடிப்பு வர ஏறக்குறைய அந்த அளவு காலமாவது வேண்டும். அதன் பிறகும் அந்தத் தசைநாணுக்குள் புது ரத்தக் குழாய் ஓடி, அது மெல்ல ஜவ்வாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் ஆரம்ப மாதங்களில்தான் அது ரொம்பப் பலவீனமாகவும் இருக்கும். பையன் வலி இல்லாமல் நடப்பான், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே இன்னும் ஈரம் காயாத தளம்.

இனி செயற்கை ஜவ்வு. இன்று ஆபரேஷனில் வைப்பது பெரும்பாலும் பாலிஎதிலீன் டெரிப்தாலேட் என்ற இழை. பெயர் பெரிதாக இருக்கிறது, பொருள் நமக்குப் பழக்கமானதுதான். டெரிகாட்டன் சட்டையில் கலந்திருக்கும் பாலியஸ்டரும் தண்ணீர் பாட்டிலும் இதே குடும்பம். 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். உடம்பு இதை விஷமாகப் பார்ப்பதில்லை, ரத்தக் குழாய்க்குப் பதிலாகக்கூட வைத்துத் தைக்கிறார்கள். ஆனால் இது தண்ணீரை ஏற்காது. பாட்டிலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்குமே, அதுதான். எலும்பு செல்கள் வந்து உட்கார ஈரமும் புரதமும் பிடித்துக்கொள்ளும் பரப்பு வேண்டும். இது எதையும் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. எலும்பு என்ன செய்யும்? விருந்தாளியும் இல்லை, எதிரியும் இல்லை என்று, நடுவில் ஒரு தழும்புத் திசுவைத் திரைபோல வளர்த்து ஒதுங்கிக்கொள்ளும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலம். ஒரு லாரி ஓட்டுநர், வேறோர் ஊரில் நாலு வருடத்துக்கு முன் செயற்கை ஜவ்வு வைத்துக்கொண்டவர், முட்டி பானைபோல வீங்கி வந்தார். திறந்து பார்த்தபோது நடுவில் இழை பிரிந்து அறுந்திருந்தது, மூட்டு நீர் கலங்கியிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு, எலும்புத் துளைக்குள் இருந்த பகுதியை என் ஆசிரியர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். பலம் போட்டுத்தான் இழுக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்தேன். ஊசியிலிருந்து நூல் உருவுவதுபோல வந்துவிட்டது. துளையின் உள்சுவர் முழுக்க வெள்ளையாக, வழவழவென்று ஒரு தோல். துளையும் போட்ட அளவைவிட அகன்றிருந்தது. மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்போ இத்தனை வருஷம் ஸ்க்ரூ மட்டும்தான் பிடிச்சிருந்துச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. 1970களில் பிரிட்டனில் கார்பன் இழையில் ஜவ்வு செய்து வைத்தார்கள். இழை பொடிந்து மூட்டுக்குள் கறுப்புத் துகளாகப் படிந்தது. பிறகு கோர்-டெக்ஸ் என்ற இன்னொரு செயற்கை ஜவ்வு வந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986இல் அனுமதித்தது, சில ஆண்டுகளில் தளர்வும் அறுதலும் வீக்கமும் பெருகி 1990களில் சந்தையை விட்டே போனது. 'போட்ட அன்றே பலம், சீக்கிரம் மைதானம்' என்று அன்றைக்கும் இதே வார்த்தைகளில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு பிரான்ஸில் உருவான லார்ஸ் என்ற பாலியஸ்டர் ஜவ்வு அவற்றைவிட நன்றாக யோசித்துச் செய்தது. மூட்டுக்குள் வரும் பகுதியில் குறுக்கு நெசவை எடுத்துவிட்டு இழைகளை நீளவாக்கில் தளர்வாக விட்டார்கள், நெசவு எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகக் கழுவினார்கள். முதல் சில ஆண்டுகளின் முடிவுகள் நன்றாகவே இருந்தன. பத்து ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது சில இடங்களில் அறுந்ததும் தளர்ந்ததும் கவலைப்படும் அளவுக்கு இருந்தன.

இந்த இடத்தில்தான் பூச்சு வருகிறது.

பழைய வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு வேலை செய்ய வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் கொத்துவீர்கள். பிறகு தண்ணீர் அடித்து நனைப்பீர்கள். பிறகு சிமென்ட் பால் தெளிப்பீர்கள். அதற்கப்புறம்தான் சாந்து. ஆச்சரியம் என்னவென்றால், ஆராய்ச்சிக்கூடங்களில் பாலியஸ்டர் ஜவ்வுக்குச் செய்து பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

கொத்துவது என்பது இழைப் பரப்பைச் சொரசொரப்பாக்குவதும், இழைகளுக்கு நடுவே எலும்பு நுழைய இடைவெளி விடுவதும். எலும்பு வளர்ந்து உள்ளே போக ஏறக்குறைய 100 மைக்ரான் அளவுக்குக் குறையாத துவாரம் வேண்டும் என்பது பழைய கணக்கு, ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம்.

நனைப்பது என்பது பிளாஸ்மா சிகிச்சை. ஆக்சிஜன் போன்ற வாயுவை மின்சாரத்தால் கிளர்ச்சியூட்டி இழைமேல் பாய்ச்சினால், பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த கூறுகள் ஒட்டிக்கொள்ளும். உருண்டு நின்ற தண்ணீர்ச் சொட்டு பரவிப் படியும். ஆனால் நனைத்த சுவர் காய்வதைப்போல இதுவும் நாளாக நாளாகப் பழைய குணத்துக்குத் திரும்பப் பார்க்கும். பெட்டியில் பல மாதம் இருந்துவிட்டு முட்டிக்குள் போகும் பொருளுக்கு இது மட்டும் போதாது.

சிமென்ட் பால்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் எலும்பின் கடினமான பாகம் ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. அதையே இழைமேல் மெல்லிய படலமாகப் போட்டால், எலும்பு செல்கள் 'இது நம்ம சுவர்' என்று வந்து உட்காரும். இடுப்பு மூட்டு மாற்றும்போது வைக்கும் டைட்டேனியத் தண்டில் இந்தப் பூச்சு பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. அங்கே தாதுத் தூளை ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் உருக்கித் தெளிக்கிறார்கள். பாலியஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதனால் அந்த வழியே மூடிப்போகிறது. வேறு வழியாக, ரத்தத்தின் உப்புக்களை அதே அளவில் கலந்த ஒரு நீரில், உடம்பின் சூட்டில், இழையை நாள்கணக்கில் ஊறவைத்துத் தாதுவைத் தானாகப் படிய விடுகிறார்கள். அந்த நீரை உருவாக்கிப் புகழ்பெற்றவர் ஜப்பானின் தடாஷி கொகுபோ. இன்னொரு வழி உயிர்க் கண்ணாடி. அமெரிக்காவில் லாரி ஹென்ச் 1969இல் செய்த கண்டுபிடிப்பு. உடம்பு நீர் பட்டதும் அந்தக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தன் மேற்பரப்பிலேயே எலும்புத் தாது போன்ற படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். கண்ணாடி எலும்போடு ஒட்டும் என்பதை முதலில் கேட்டபோது நானும் உங்களைப் போலத்தான் நம்பாமல் இருந்தேன்.

இனி உங்கள் கேள்வி. உரிந்து வராதா? வரும், அதுதான் பெரிய பயம். இடுப்புத் தண்டு வளையாத உலோகம், அதன்மேல் பூச்சு நிற்கும். ஜவ்வு ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு, முறுகி, வளைகிறது. சாதாரணமாக நடமாடுகிற ஒருவருக்கே ஒவ்வொரு காலும் வருடத்துக்குப் பத்து லட்சம் தடவைக்குக் குறையாமல் இப்படி வேலை செய்யும். ஆடும் மூங்கில் தட்டியின்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடித்த படலம் வெடிக்கும். உரிந்த துகள் மூட்டுக்குள் போனால் குருத்தெலும்பைத் தேய்க்கும், வீக்கம் வரும். அதனால்தான் பூச்சை மிக மெல்லியதாகப் போடவும், துளைக்குள் இருக்கும் பாகத்தில் மட்டும் போட்டு மூட்டுக்குள் வரும் நடுப்பாகத்தை விட்டுவிடவும் முயல்கிறார்கள்.

பாரிஸில் ஒரு குழு வேறு மாதிரி யோசித்தது. மேலே எதையும் பூசாமல், இழையின் மூலக்கூறிலிருந்தே சல்ஃபோனேட் என்ற வேதிக் கூறுகள் கொண்ட நுண்சங்கிலிகளை முளைக்க வைத்தார்கள். ஒட்டவைத்த பூச்சு உரியும், மரத்தில் ஒட்டுப்போட்ட கிளை உரியாது, அந்த மாதிரி. அந்தச் சங்கிலிகள் உடம்பின் புரதங்களை ஏற்ற விதத்தில் பிடித்துவைத்துக்கொள்ள, செல்கள் வந்து ஊன்றுகின்றன. செம்மறியாடுகளின் முட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஷாங்காய் மருத்துவர்கள் தாதுப் பூச்சு போட்ட ஜவ்வை முயல்களில் சோதித்தார்கள். பூச்சில்லாததைவிடப் பூச்சுள்ளதைச் சுற்றிப் புது எலும்பு அதிகம், உருவி எடுக்கத் தேவைப்பட்ட விசையும் அதிகம். முடிவுகள் உற்சாகமாகவே இருக்கின்றன. இந்த வேலை ஒருநாள் பலிக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஆனால் முயலின் எலும்பு மனிதனுடையதைவிட வேகமாக வளரும். ஆட்டுக்கு நாலு கால், ஒன்று நொந்தால் மற்ற மூன்றில் தாங்கிக்கொள்ளும். இரண்டுமே பாதத்தை ஊன்றித் திரும்பி ஏழு பேர் பிடியிலிருந்து நழுவப் போவதில்லை. விலங்கில் 3 மாதம் நன்றாக இருந்தது என்பதற்கும், 22 வயதுக்காரனுக்கு 42 வயதிலும் முட்டி நன்றாக இருக்கும் என்பதற்கும் இடையே நீண்ட தூரம். பூச்சு போட்ட செயற்கை ஜவ்வு சொந்தத் தசைநாணைவிட மேல் என்று மனிதர்களில் பல ஆண்டுகள் பார்த்து யாரும் காட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. பூச்சு துளைக்குள் இருக்கும் சிக்கலை மட்டும்தான் தொடுகிறது. மூட்டுக்குள் நடுவில் இருக்கும் இழை அப்போதும் உயிரில்லாத இழைதான். அசல் ஜவ்வுக்குள் 'கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சொந்தத் தசைநாண் வைத்தால் அதில் ரத்தம் ஓடுகிறது, செல்கள் குடியேறுகின்றன, சின்னச் சின்னச் சேதத்தை உடம்பே பழுதுபார்க்கிறது. பாலியஸ்டர் தேய்ந்தால் தேய்ந்ததுதான். நல்ல பிடிப்போடு பூசிய சுவராக இருந்தாலும் நடுவில் செங்கல் அரித்துப்போனால்?

செயற்கை ஜவ்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. விபத்தில் ஒரே முட்டியில் மூன்று நாலு ஜவ்வும் ஒன்றாக அறுந்து வருபவர்களுக்கு, எடுக்கத் தசைநாண் மிச்சமில்லாதவர்களுக்கு, தோள்பட்டை எலும்பு விலகிய சிலருக்கு அது கைகொடுக்கிறது. நானே பரிந்துரைத்திருக்கிறேன். உங்கள் மகன் அந்த வரிசையில் இல்லை.

அந்த 3 மாதக் கணக்கைப் பற்றி. நார்வேயின் ஆஸ்லோவில் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட விளையாட்டுக்காரர்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மைதானத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது. பாதிக்குப் பாதி, ஒவ்வொரு மாதமும். 9 மாதம் என்று உங்கள் டாக்டர் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இதுதான். மாதக் கணக்கோடு பலமும் சேர வேண்டும். அடிபட்ட காலின் முன்தொடைத் தசை மறுகாலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. எந்த ஜவ்வை வைத்தாலும் அந்தத் தசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும், எந்தப் பூச்சும் அதைக் குறைக்காது. சிமென்ட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தண்ணீர் விடும் நாளைக் குறைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வில் ஓட்டமும் தாண்டுதலும் கயிறு ஏறுதலும் இருக்கும். அவசரப்பட்டு அதில் மறுபடி அறுந்தால், இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், பலனும் குறைவு. 22 வயதுக்காரனுக்கு வயது வரம்பு உடனே முடிந்துவிடாது. இந்த ஆண்டை எழுத்துத் தேர்வுக்குப் படிக்கக் கொடுக்கட்டும். காலுக்குத்தான் ஓய்வு, தலைக்கு வேண்டாம்.

செயற்கை ஜவ்வு வைக்கச் சொன்ன இடத்துக்கு நீங்கள் மறுபடி போவதாக இருந்தால், கோபப்படாமல் சில விஷயங்களைக் கேளுங்கள். அந்த ஜவ்வின் பெயர் என்ன, அதன்மேல் இருக்கும் பூச்சு எது, இந்தியாவில் விற்க உரிமம் இருக்கிறதா? உடம்புக்குள் வைக்கும் பொருள்களுக்கு மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ் உரிமம் வேண்டும். பெட்டியில் உரிம எண்ணும், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லி எந்த ஆபரேஷனிலும் நீங்கள் கேட்டு வாங்கலாம், சொந்தத் தசைநாண் வைக்கும்போது போடும் ஸ்க்ரூவுக்கும் இது பொருந்தும். இன்னும் விற்பனைக்கு வராத புதுப் பூச்சு என்றால் அது ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தமிழில் எழுதி, படித்துக் காட்டி, உங்கள் மகன் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவமும் இருந்தாக வேண்டும். 'மனிதர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை வருடம் பார்த்தது?' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொரு கருத்து கேட்க வேண்டும் என்று தோன்றினால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, உங்களுக்குப் பஸ் தூரம்தான். போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப்போகாமல் படங்கள் உள்ள பிலிமையோ சிடியையோ கையோடு கொண்டுபோங்கள். தாளில் எழுதியதைவிடப் படத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கும்.

கடைசியாக, ஆபரேஷன் நாளுக்காகத் தம்பி கட்டிலில் காத்திருக்க வேண்டாம். வீக்கம் வற்றி, முட்டி முழுசாக நீளவும் மடங்கவும் வந்த பிறகு செய்கிற ஆபரேஷன்தான் நன்றாகப் போகும். விறைத்த முட்டியில் செய்தால் விறைப்பு தங்கிவிடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய, நாளைக் காலையே ஆரம்பிக்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டை நசுக்குவதுபோல முன்தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துப் பத்துத் தடவையாக, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மடக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும், முட்டி நேராகும். ஓடுவது, திரும்புவது, மைதானத்துப் பக்கம் போய் 'சும்மா ஒரு ரெய்டு' என்பது இப்போதைக்குக் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த பிறகு பிசியோதெரபியில் ஏதாவது சந்தேகம் வந்தால் எழுதுங்கள். தம்பியையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.